வெப்ளி-பொஸ்பெரி தானியங்கி றிவோல்வர்

வெப்ளி-பொஸ்பெரி, சுடும்போது எழும் பின்னுதைப்பைக் கொண்டே அடுத்த வேட்டுக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ளும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலிருந்த வெப்ளி அன்ட் ஸ்கொட் நிறுவனம் 1901இல் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. வெளிவந்தவை மொத்தம் ஐயாயிரத்தை எட்டவில்லை. அரைத் தானியங்கி என்றதும் பிடிக்குள் மகசீன் செருகிய பிஸ்டலே நினைவுக்கு வரும். இதில் மகசீன் இல்லை. சுழலும் உருளையே ரவைகளைத் தாங்குகிறது.

வடிவமைத்தவர் ஜோர்ஜ் வின்சென்ட் பொஸ்பெரி (1832–1907), இந்தியாவில் வங்காளப் படையில் பணியாற்றிய அதிகாரி. 1863 ஒக்டோபர் 30ஆம் திகதி, வடமேற்கு எல்லையின் உம்பெய்லா மலைப்போரில், எதிரியிடம் பறிபோன பாறைக் காவலரண் ஒன்றை மீட்டதற்காக விக்டோரியா சிலுவை பெற்றவர். 1877இல் ஓய்வுபெற்ற பின்னரும் துவக்கு வேலையை அவர் விடவில்லை. குழலின் வாய்ப்பகுதியில் மட்டும் சுருள்வரி வெட்டி, சிறுகுண்டுகளையும் பெருங்குண்டையும் ஒரே துவக்கால் சுட வழி செய்தார். ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனம் ‘பரடொக்ஸ்’ என்ற பெயரில் விற்ற அந்தத் துவக்கை இந்தியக் காடுகளில் வேட்டையாடியோர் பெரிதும் விரும்பினர். அவர் புகழுக்கு அதுவே போதும் என்றாலும், நுட்பத்தில் றிவோல்வர்தான் அவருடைய உச்சம்.

அக்கால றிவோல்வரில் ஒரு சங்கடம் இருந்தது. விசையை இழுத்தே சுத்தியலையும் உயர்த்தினால் இழுவை கனத்து, குறி அசையும். பெருவிரலால் சுத்தியலை உயர்த்திச் சுட்டால் குறி தப்பாது, ஆனால் வேகம் போய்விடும். அப்போதுதான் தலையெடுத்த போர்ச்சார்ட், மவுசர் பிஸ்டல்களில் வேகம் இருந்தது. எனினும் அவற்றின் 7.6 மில்லிமீற்றர் அளவுச் சிறுகுண்டை நம்பாத பிரித்தானிய அதிகாரிகள், .455 அங்குலக் கனத்த ஈயக்குண்டையே கேட்டனர். இரண்டையும் ஒரே கருவியில் சேர்ப்பதற்கான காப்புரிமையை பொஸ்பெரி 1895 ஓகஸ்ட் 16ஆம் திகதி பதிந்தார். முதலில் கோல்ட் றிவோல்வரில் சோதித்து, பின்னர் வெப்ளியின் மடியும் சட்டகத்துக்கு மாறினார்.

இயக்கம் இப்படி: பிடியும் விசையும் கீழ்ப்பாதியில் நிலையாக நிற்க, குழலும் உருளையும் சுத்தியலும் அடங்கிய மேற்பாதி தண்டவாளத்தில் பின்னோக்கி வழுக்குகிறது. அந்த ஓட்டத்தில் சுத்தியல் தானே உயர்ந்து பூட்டிக்கொள்ளும். உருளையின் வெளிப்புறத்தில் வளைந்து வளைந்து வெட்டப்பட்ட காடிகளுக்குள், கீழ்ப்பாதியில் பதித்த முளையொன்று பொருந்தியிருக்கிறது. பின்னே போகையில் உருளை 30 பாகை திரும்பும். சுருள்வில் மேற்பாதியை முன்னே தள்ளுகையில் மீதி 30 பாகை. தச்சர்கள் வைத்திருக்கும், அழுத்தினால் சுழலும் திருப்புளியின் தத்துவமே இது. ஆறு ரவைக்கு ஆறிலொரு சுற்று, சரியாக அடுத்த அறை. முதல் வேட்டுக்கு மட்டும் மேற்பாதியைக் கையால் தள்ளவேண்டும். றிவோல்வர்களில் அரிதான பாதுகாப்புப் பூட்டும் இடப்புறத்தில் உண்டு. உதைப்பின் ஒரு பங்கைச் சுருள்வில் வாங்கிக்கொள்வதால் கை குலுங்குவது குறைகிறது. கைக்குத் தொல்லையாய் இருந்த உதைப்பை இப்படி மூன்று வேலைக்குப் பூட்டியதே பொஸ்பெரியின் மேதைமை.

1902இல் வோல்ட்டர் வினன்ஸ் இந்த றிவோல்வரால் பன்னிரண்டு அடியெடுப்புத் தூரத்தில், இரண்டு அங்குல வட்டத்துக்குள் ஆறு குண்டுகளை ஏறத்தாழ ஏழு விநாடியில் பதித்துக் காட்டினார். ஒலிம்பிக்கில் துப்பாக்கிச் சுடுதலுக்கும் சிற்பத்துக்கும் தங்கம் வென்ற அபூர்வ மனிதர் அவர்.

இலக்குத் திடலில் இப்படி மின்னிய கருவி போர்க்களத்தில் தடுமாறியது. பிடிக்கும் கை தளர்ந்தால் மேற்பாதி முழுதாகப் பின்வாங்காது. அடுத்த வேட்டு தவறும். முதலாம் உலகப்போரின் பதுங்குகுழிச் சேறு காடிகளிலும் தண்டவாளத்திலும் அடைத்துக்கொண்டது. அதிகாரிகள் சொந்தப் பணத்தில் வாங்கினார்களே தவிர, படை இதை அதிகாரபூர்வ ஆயுதமாக ஏற்கவில்லை. அந்த இடம் அதே நிறுவனத்தின் எளிய றிவோல்வர்களுக்கே போனது. 1959இல் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவைக் கொன்ற ஆயுதமாக இலங்கையர் அறிந்த வெப்ளியும் அந்தச் சாதாரண வகைதான்.

.38 அளவில் எட்டு ரவை கொள்ளும் சிறு வகையும் இருந்தது. டஷியல் ஹமெட் 1930இல் வெளியிட்ட ‘த மோல்டீஸ் ஃபல்கன்’ நாவலில் கொலைக்கருவியாக வருவது அதுவே. 1941இன் திரைப்படம் எட்டு ரவைக் கருவியை .45 என்று சொல்லிவிட்டது. அப்படியொன்று செய்யப்படவே இல்லை. 1990களில் இத்தாலியின் மட்டேபா நிறுவனம், மேற்பாதி வழுக்கும் இதே முறையில் தன் தானியங்கி றிவோல்வரைச் செய்தது.