அடுக்குக் கேக்கும் அதன் தூண்களும்

பிரிஞ்சாங் நகரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், திருமணத்துக்கோ பிறந்த நாளுக்கோ வீட்டிலேயே அடுக்குக் கேக் செய்யத் துணிபவர்க்கு மாவும் சர்க்கரையும் பெருங்கவலை அல்ல. மேலடுக்கை எதன்மீது நிறுத்துவது என்பதே கவலை. மலேசியத் தமிழர் 'அணிச்சல்' என்றும் வழங்கும் இப்பண்டத்துக்குத் தூண் வைக்கும் வழக்கம் வந்த வழியை ஆராயப் புகின், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும்.

1840இல் விக்டோரியா அரசியாரின் மணவிழாவுக்குச் செய்த கேக் ஏறத்தாழ 300 ராத்தல் எடையுள்ளது. சுற்றளவு 3 கஜம். கனமோ 14 அங்குலமே. அரசியாரின் மூத்த மகளுக்கு 1858இல் மணம் நடந்தபொழுது கேக் 6 அடிக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஆயினும் அது ஒருவகை மாயம் எனலாம்: அடிப்பகுதி மட்டுமே கேக், மேலே இருந்தவை சர்க்கரைச் சிற்பங்கள். அடுக்கெல்லாம் உண்ணத்தக்க கேக்காக அமைந்தது 1882இல், இளவரசர் லியோபோல்டின் திருமணத்தில். அப்பொழுதும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகவே அமர்ந்திருந்தன. இடைவெளி விட்டுத் தூண் நிறுத்தும் பாணி அதற்குப் பின்னரே பரவிற்று. தொடக்கத்தில் துடைப்பக் கழியை நறுக்கிச் சர்க்கரைப் பூச்சால் மறைத்துத் தூணாக்கினர் என்பர்.

அத்தூண்கள் கேக்கினுள் புதையாமல் நின்றது எவ்வாறு? அக்காலத்துக் கேக், உலர்ந்த பழங்கள் செறிந்த கனத்த பண்டம். அதன்மேல் வாதுமை விழுது. அதற்கும் மேலே முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்ந்த பூச்சு. இப்பூச்சு உலர்ந்தால் தளவரிசை போல் இறுகிவிடும். பாரத்தைத் தாங்கியது தூண் மட்டுமன்று. தூண் நின்ற தரையும் ஆகும். 1947இல் எலிசபெத் இளவரசியின் திருமணத்துக்குச் செய்த கேக் 4 அடுக்கும் 9 அடி உயரமுமாக, 500 ராத்தல் எடையோடு நின்றதும் இம்முறையாலேயே.

நம்மவர் திருமணங்கள் சிலவற்றில் வைக்கும் பருப்புத் தேங்காய்க்கு இத்தொல்லை கிடையாது. கூம்பு வடிவக் கூட்டினுள் வெல்லப்பாகோடு அடைத்து எடுப்பதால், அடி அகன்று நுனி குறுகித் தன் பலத்திலேயே நின்றுவிடுகிறது!

பிரிஞ்சாங் இருக்கும் கேமரன் மலைக்கு 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் வந்து சென்றார். 1929இல் அங்குப் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. காடழித்துக் கொழுந்து பறித்தவருள் பெரும்பாலோர் தமிழர். தேநீரும் கேக்கும் சேர்ந்த ஆங்கிலேயர் சிற்றுண்டி வழக்கம் அம்மலையில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் இன்று வீடுகளில் செய்யப்படுவது பெரும்பாலும் பஞ்சு போன்ற கேக். பூச்சும் வெண்ணெய்ப் பூச்சு. பழைய தூணை அதன்மேல் நிறுத்தினால் சேற்றில் நட்ட கம்பு போல் இறங்கிவிடும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதையும் கருத வேண்டும். மாவிலுள்ள வாயு மிகுதியாக விரிய, கேக் விரைந்து எழும்பிப் பிறகு அமுங்குகிறது. உதிரும் தன்மையும் கூடுகிறது.

ஆகவே தூண் இன்று கேக்கினுள் மறைந்துவிட்டது. அடிப்பலகை வரை செல்லுமாறு குச்சிகளைச் செருகி, கீழடுக்கின் மேல்மட்டத்துக்குச் சரியாக நறுக்குகின்றனர். மேலடுக்கு தனக்கென ஓர் அட்டையோடு அவற்றின்மீது அமர்கிறது. பாரம் கேக்கைத் தொடாமல் பலகைக்குப் போய்விடும். குச்சிகள் யாவும் ஒரே உயரமாக இருத்தல் இன்றியமையாதது. ஒன்று குட்டையானாலும் மேலடுக்கு சாயும். எளிதில் கிடைக்கிறதே என்று சாத்தே குச்சியை நம்புவது தவறு. அது மெல்லியது, வளைவது. கூர்முனை அட்டையையும் துளைக்கும். தடித்த மரக்குச்சி உறுதியானது, ஆனால் ஒரே அளவாக அறுப்பது கடினம். சிறிய கேக்குக்குத் தடித்த உறிஞ்சுகுழலே மேல்: கத்தரிக்கோலால் நறுக்கலாம்; உள்ளே வெற்றிடமாதலால் கேக்கையும் பிளப்பதில்லை.

தாப்பாவிலிருந்து ஏறிவரும் சாலையின் வளைவுகள் வேறொரு சோதனை. இவ்வாறு நறுக்கிச் செருகிய குச்சிகள் நேர்ப்பாரத்தைத் தாங்குமே தவிர, பக்கவாட்டு ஆட்டத்தை அவ்வளவாகத் தடுக்கமாட்டா. அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் கொண்டுசென்று விழா மண்டபத்தில் ஏற்றுவதே தக்கது. வெட்டும்பொழுது மேலடுக்கை முதலில் இறக்கி, செருகிய குச்சிகளை எண்ணி எடுத்த பின்னரே கீழடுக்கில் கத்தி வைக்க வேண்டும்.