வெள்ளம் திறந்த வாயில்

மட்டாஞ்சேரியின் பழைய மிளகுக் கிடங்குகளைக் காணும் நாம், இத்துறைமுகம் ஒரு வெள்ளத்தின் கொடை என்பதை எண்ணுவதில்லை. 1341ஆம் ஆண்டுப் பெரியாற்றுப் பெருவெள்ளம், சேரர் முசிறி விளங்கிய கொடுங்கல்லூர்ப் பகுதியின் முகத்துவாரத்தை வண்டலால் தூர்த்துத் தெற்கே கொச்சியின் வாயிலைத் திறந்தது என்பர் வரலாற்றாசிரியர். வைப்பின் தீவின் தோற்றத்தை அவ்வாண்டோடு இணைத்துப் 'புதுவைப்பு' என்னும் ஆண்டுக்கணக்கும் வழங்கியது. வெள்ளத்தை வைத்து ஆண்டெண்ணியவர் வேறெங்கும் உளரோ! வணிகரும் கொடுங்கல்லூரை விட்டு இங்கே குடிபெயர்ந்தனர். பிழைப்பின்பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அவர் நெஞ்சம் புரியாததன்று.

இன்றோ உலகம் வெப்பமுறக் கடல்நீர் விரிகிறது; பனிப்பாறைகளும் உருகுகின்றன; கொச்சியிலும் கடல்மட்டம் உயர்கிறது. கால்வாய்கள் தூர்ந்தமையும் சேர்ந்துகொள்ள, ஓதம் பொங்கும் நாள்களில், மழையில்லாப்போதும், தாழ்ந்த தெருக்களில் உப்புநீர் நிற்கிறது. சுவர்க்காரை உதிர்கிறது, கிணற்றுநீர் கரிக்கிறது.