வியன்னாவில் தண்ணீர் பாட்டில் வாங்காதீங்க

வியன்னா போறீங்களா? கையில காசு கம்மியா? முதல் செலவை இப்பவே மிச்சம் பிடிச்சுத் தர்றேன்.

தண்ணி பாட்டில் வாங்காதீங்க.

சுற்றுலாப் பயணிகள் கூடுற இடங்கள்ல ஒரு பாட்டில் ரெண்டு மூணு யூரோ. அதைவிட நல்ல தண்ணி தெருக்குழாயில் இலவசமா வருது. நான்கு நாளும் அதைத்தான் குடிச்சேன். வயிறு ஒண்ணும் சொல்லல 😊

ஆனா இதே ஊர்ல ஒரு காலத்துல தண்ணி குடிச்சு செத்தாங்க.

1860கள் வரை பெரும்பாலான வியன்னாவாசிகளுக்குக் குடிநீர் வீட்டுக் கிணறுதான். பக்கத்திலேயே மலக்குழி. ரெண்டும் மண்ணுக்கடியில் கலந்தா என்ன வரும்? டைபாய்டு, காலரா.

இசைமேதை ஷூபர்ட் 1828ல் இந்த ஊரில்தான் இறந்தார். வயசு 31. அன்றைய மருத்துவர்கள் சொன்னது "நரம்புக் காய்ச்சல்". அது டைபாய்டுதான் என்று பலர் கருதுகிறார்கள். (சிபிலிஸும் இருந்தது, அந்த விவாதம் தனி.)

அப்போ அரண்மனையில் என்ன குடிச்சாங்க?

அங்கேதான் விசயமே இருக்கு. 1732ல் பேரரசர் ஆறாம் சார்லஸ் வேட்டைக்குப் போனபோது ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஓர் ஊற்றைக் கண்டதாகச் சொல்வார்கள். பெயரே கைசர்புருன்னன், அதாவது பேரரசர் ஊற்று. அங்கிருந்து ஆள் வைத்து அரண்மனைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

ராஜாவுக்கு மலை ஊற்று. ஜனங்களுக்கு மலக்குழி ஓரக் கிணறு.

இதை மாற்றியது ஒரு டாக்டர் இல்லைங்க. எடுவார்ட் சூஸ் என்ற புவியியல் பேராசிரியர். ("உயிர்க்கோளம்" என்ற சொல்லை உருவாக்கியவரும் இவரே.) 1862ல் நகரத்தின் மண்ணையும் நிலத்தடி நீரையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த வருசமே நகரசபை உறுப்பினரானார். மலையிலிருந்து குழாய் போடணும்னு நின்றார்.

1865ல் ரிங் சாலைத் திறப்பன்று பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அந்த ஊற்றை நகரத்துக்கே கொடுத்துவிட்டார்.

90 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய். பம்பு கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடி வரும் தண்ணி. 1873 அக்டோபர் 24 அன்று திறந்தார்கள்.

கொடுமை என்னன்னா, அதே வருசம் கோடையில் வியன்னாவில் உலகக் கண்காட்சி. கூடவே காலராவும் வந்து ஆயிரக்கணக்கில் உயிரைக் கொண்டுபோனது. தண்ணீர் வந்தபோது கண்காட்சி முடிய ஒன்பது நாள்தான் பாக்கி!

ஒரு மருத்துவனா என்னை நிறுத்தின விசயம் இது. டைபாய்டு கிருமியை ஏபெர்த் கண்டது 1880ல். காலராவைக் காக் உறுதி செய்தது அதுக்கும் பிறகு. கிருமி கையில் சிக்கும் முன்னாடியே, மண்ணைப் படிச்ச ஒரு மனுசர் சரியான முடிவுக்கு வந்துட்டார். வீடுகளுக்கு இணைப்பு பரவப் பரவ டைபாய்டு சாவும் சரிந்தது.

ஏழைகள் வாழ்ந்த அடுக்குமாடிகளில் மாடிக்கு ஒரு பொதுக்குழாய் இருந்தது. பேரு "பஸ்ஸேனா". ஊர்வம்பு பேசுறதுக்கு ஜெர்மன்ல ஒரு சொல்லே அதிலிருந்து வந்தது. குழாயடின்னா எந்த ஊர்லயும் குழாயடிதான் 😀

பழைய கட்டடங்களின் நடையில் அந்தத் தொட்டியை இன்னைக்கும் பார்க்கலாம்.

ஷ்வார்சன்பெர்க் சதுக்கத்துக்குப் போனீங்கன்னா பெரிய நீரூற்று ஒண்ணு இருக்கும். 1873ல் தண்ணீர் வந்ததைக் கொண்டாடத் திறந்தது. டிக்கெட் இல்லை. நான் அரைமணி நேரம் எதிரே உட்கார்ந்து, தெருக்குழாயில் பிடிச்ச பேரரசர் வீட்டுத் தண்ணியைக் குடிச்சிட்டு வந்தேன்.