தாயும் மகனும் கண்ட கல்விக் கோயில்

வரலாறு என்றதும் முடிவேந்தர்களும் அவர்கள் பொருத பெரும் போர்களுமே நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், பேரரசரின் கீழிருந்து சிறு நிலங்களை ஆண்டோருள்ளும் தம் நாட்டின் போக்கையே மாற்றியமைத்தோர் உளர். செருமனி நாட்டில் இத்தகையோர்க்குக் ‘கிராஃப்’ என்னும் பட்டம் வழங்கிற்று. நம் பழந்தமிழ் வேளிரை ஒருவாறு ஒத்தவர் இவர் எனலாம். அவருள் ஒருவரான வூர்ட்டம்பெர்க் எபர்ஹார்டின் வாழ்வையும் குடும்பத்தையும் ஈண்டுச் சிறிது காண்போம்.

வூர்ட்டம்பெர்க் என்பது செருமனியின் தென்மேற்கிலுள்ள நிலம். 1442ஆம் ஆண்டில் லூட்விக், உல்ரிக் என்னும் உடன்பிறந்தார் இருவர் அதனைப் பாகம் பிரித்துக்கொண்டனர். உராக் நகரைச் சார்ந்த பகுதி லூட்விக்குக்கும், ஸ்டுட்கார்ட்டைச் சார்ந்த பகுதி உல்ரிக்குக்கும் உரியவாயின. லூட்விக்கின் மகனாக 1445ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் எபர்ஹார்ட் பிறந்தார். 1450இல் தந்தையார் மறைந்தார். 1457இல் தமையனாரும் இறக்கவே, 1459ஆம் ஆண்டில், 14ஆம் வயதில் ஆட்சிச் சுமை எபர்ஹார்டின் தோளில் ஏறிற்று.

இவர்தம் அன்னையார் மெக்ட்டில்டு அம்மையாரைப் பற்றி நாம் தனியே அறிதல் வேண்டும். 1386ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழகம் கண்ட ஹைடல்பெர்க் நகரில் பிறந்தவர் அவர். அதனை நிறுவிய அரச குடும்பத்தின் வழிவந்தவர். கணவரை இழந்த பின்னர், 1452இல் ஆஸ்திரிய இளவரசர் ஆல்பிரெக்ட்டை மணந்தார். அந்த ஆல்பிரெக்ட்டே 1457இல் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். இலக்கியச் சுவைஞராகவும், புலவரைப் போற்றும் புரவலராகவும் அம்மையார் விளங்கினார். கல்வியின் அருமையை அவர் ஏட்டில் படித்தறிந்ததோடு நில்லாது, தாம் வாழ்ந்த இல்லந்தோறும் கண்டறிந்தவர்.

மகனுக்கோ அந்தப் பேறு முழுமையாகக் கிட்டவில்லை. அக்காலத்தில் ஐரோப்பியக் கல்விக்கெல்லாம் திறவுகோல் இலத்தீன் மொழியே. அம்மொழி எபர்ஹார்டுக்குக் கற்பிக்கப்படவில்லை. இக்குறையை அவர் வாழ்நாள் முழுதும் உணர்ந்திருந்தார். இலத்தீன் நூல்கள் பலவற்றை அறிஞரைக் கொண்டு செருமானிய மொழியில் பெயர்க்கச் செய்து படித்தார். இளமையில் கட்டுக்கடங்காது திரிந்தவர் என்றும், 1468இல் எருசலேமுக்குப் புனிதப் பயணம் சென்று மீண்ட பின்னரே பொறுப்புடையவர் ஆனார் என்றும் கூறுவர். அப்பயணத்தின் நினைவாகப் பேரீச்ச மரத்தைத் தம் சின்னமாகக் கொண்டார். ‘துணிகின்றேன்’ என்னும் பொருள்படும் சொல்லே அவர்தம் விருதுவாக்கு. நீண்ட தாடியினால் ‘தாடிக்கார எபர்ஹார்ட்’ என்றே மக்கள் அவரை அழைத்தனர்.

1474இல் இத்தாலியின் மான்ட்டுவா நகரத்து இளவரசி பார்பரா கொன்சாகா அவருக்கு வாழ்க்கைத் துணைவியானார். உராக் நகரில் திருமணம் மிகச் சிறப்பாக நடந்தது. மறு ஆண்டே ஒரு பெண்மகவு பிறந்தது. ஆனால் அவ்வாண்டிலேயே மறைந்தது. அவ்விருவர்க்கும் பின்னர் மகப்பேறு வாய்க்கவில்லை. வழிமுறை காக்க ஒரு மகவின்றி நின்ற அரச குடும்பத்தின் துயரை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அத்துயர் நிகழ்ந்த இரண்டே ஆண்டுகளில் எழுந்ததுதான் தியூபிங்கன் பல்கலைக்கழகம். சிண்டல்ஃபிங்கன் நகரின் திருச்சபை மடத்து வருவாயை இதற்கு மாற்றித் தர அன்னையார் துணைநின்றார். போப்பாண்டவரின் இசைவும் கிடைத்தது. எபர்ஹார்டின் இளமைக்கால ஆசிரியராகிய யோகன்னஸ் நௌக்ளேருஸ் முதல் தலைவராக அமர, 1477ஆம் ஆண்டு அக்டோபரில் கல்விப்பணி தொடங்கிற்று. இலத்தீன் அறியாத ஒருவர், இலத்தீன் வழங்கும் கல்விக் கோயிலை எடுத்தார் என்பதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பே மிகுகின்றது. தமக்குக் கிட்டாதது பிறர்க்குக் கிட்டல் வேண்டும் என்று எண்ணும் உள்ளமன்றோ பெரிய உள்ளம்!

பிளவுண்ட நாட்டை ஒன்றாக்கியதும் அவர்தம் அருஞ்செயலே. 1482ஆம் ஆண்டு மியூன்சிங்கன் உடன்படிக்கையால் இரு பகுதிகளும் இணைந்தன. இனிப் பாகம் பிரித்தல் ஆகாது என்றும் முடிவாயிற்று. 1495இல் மன்னர் மாக்சிமிலியன் அவரை ‘டியூக்’ நிலைக்கு உயர்த்தினார். எனினும் அப்பெருமையை ஓராண்டுகூட அவர் நுகரவில்லை; 1496 பிப்ரவரி 24ஆம் நாள், 50ஆம் வயதில் தியூபிங்கனிலேயே மறைந்தார். அடுத்து அரியணை ஏறிய சிற்றப்பன் மகன், ஆளும் திறனின்றி 1498இலேயே பதவி இழந்தார்.

எந்தக் குடிமகனின் மடியிலும் அஞ்சாது தலைவைத்து உறங்க வல்லவர் எபர்ஹார்ட் என்று அந்நாட்டில் ஒரு கதை வழங்குகின்றது. ஆயின், நடுநிலை தவறாது நோக்கின் ஒரு கறையையும் நாம் மறைத்தல் ஆகாது. பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டிலேயே யூதர்கள் தியூபிங்கனில் வாழலாகாது என்று அவர் ஆணையிட்டார். தம் இறுதி விருப்ப ஆவணத்தில் நாடு முழுமைக்கும் அத்தடையை விரித்தார். அறிவுக்குக் கதவு திறந்த அதே கை அயலாருக்குக் கதவை அடைத்தது. பிறந்த ஊர் விட்டு வந்து பிறரோடு கலந்து வாழும் நமக்கு அக்கொடுமை நன்கு விளங்கும்.

எபர்ஹார்ட் எடுத்த கல்விக்கூடத்திலேயே பின்னாளில் வானியல் அறிஞர் கெப்ளரும் மெய்ப்பொருள் அறிஞர் ஹெகலும் பயின்றனர். 1835இல் அங்குப் பட்டம் பெற்ற ஹெர்மன் குண்டர்ட் மறு ஆண்டே சென்னைக்கு வந்து தமிழ் கற்றார். பின்னர் 1872இல் சிறந்ததொரு மலையாள அகராதியை வெளியிட்டார். தென்னாட்டு மொழிகளுக்கும் அக்கோயிலின் பயன் இவ்வாறு வந்து சேர்ந்தது.

பெற்ற மகவு நிலைக்கவில்லை. கட்டிய கல்விச்சாலை ஐந்நூறு ஆண்டு கடந்தும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நம் குடியிருப்பிலே சிறு நூலகமோ மாலை நேரத் தமிழ் வகுப்போ நடத்தும் அன்பர்கள், தாம் செய்வது சிறு செயல் என்று எண்ணிச் சோர்தல் வேண்டா. அந்நாட்டுத் தாயும் மகனும் நமக்குக் கூறும் செய்தி அதுவே.