புதுச்சேரி நகரில் மருத்துவமும் சமூகமும்

புதுச்சேரி நகரின் நோய், மருத்துவ வரலாறு பெருமளவுக்குத் தண்ணீரின் வரலாறாகவும் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் கடலை ஒட்டிய வெள்ளையர் பகுதியையும் மேற்கிலிருந்த தமிழர் பகுதியையும் ஒரு வாய்க்கால் பிரித்தது. குடிநீர் யாருக்குக் கிடைத்தது, கழிவுநீர் யார் வீட்டோரம் தேங்கியது, மருத்துவமனை யாருக்காகக் கட்டப்பட்டது என்ற கேள்விகளுக்கு விடை தேடினால் இந்த வாய்க்காலைத் தாண்டாமல் போக முடியாது. மருத்துவமனைகளையும் கல்லூரிகளையும் பற்றிய ஆவணங்கள் நிறைய உள்ளன. நாட்டு வைத்தியர், மருத்துவச்சி, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெண்கள் ஆகியோரைப் பற்றிய பதிவுகள் மிகச் சிலவே.

தொடக்கக் காலம்

பிரெஞ்சுக்காரர் 1674இல் இங்கே குடியேறினர். முகலாய அரசவையில் மருத்துவம் பார்த்தவரும் வரலாற்று நூல் எழுதியவருமான வெனிசு நகரத்து நிக்கோலோ மனூச்சி தம் இறுதிக் காலத்தில் சில ஆண்டுகள் புதுச்சேரியில் வாழ்ந்தார். அவர் 1717 வாக்கில் இறந்தது சென்னையிலா புதுச்சேரியிலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு (1736–1761) அரசியலுக்கும் வணிகத்துக்கும் நடுவே காய்ச்சல்களையும் சாவுகளையும் பதிந்து வைத்திருக்கிறது. ஆங்கிலேயர் முற்றுகையின்போது, 1760 நவம்பர் இறுதியில், உணவுத் தட்டுப்பாட்டால் பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி ஏறத்தாழ 1,400 தமிழ்க் குடிகளைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் அவர்களைக் கடந்துபோக விடவில்லை. இரண்டு படைகளுக்கும் இடைப்பட்ட வெளியில் ஏறக்குறைய ஒரு வாரம் புல்லையும் வேரையும் தின்று கிடந்த பிறகே வழி விட்டனர். பஞ்சத்தில் முதலில் யாரைக் கைவிடுவது என்ற முடிவு இங்கே வெளிப்படையாகப் பதிவாகியிருக்கிறது. பிள்ளை நோய்ப் படுக்கையில் இருந்தபடி 1761 ஜனவரி 12இல் இறந்தார். நகரம் அதற்குச் சில நாட்களில் விழுந்தது.

மருந்துகள் இருபுறமும் கைமாறின. பிரெஞ்சுக்காரரிடையே பெயர்பெற்ற ‘த்ரோக் அமேர்’ என்ற கசப்பு மருந்தில் நிலவேம்பு சேர்ந்திருந்ததாக 19ஆம் நூற்றாண்டு மருந்தியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. அம்மருந்தை இயேசு சபைத் துறவிகளோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. டெங்கு பரவும் மாதங்களில் இன்று அரசே ஊற்றித் தரும் நிலவேம்புக் குடிநீரின் தலையாய சரக்கும் அதே செடிதான். அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவதும், தாளிப்பை நிறுத்துவதும், மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகே நோயாளியை வெளியே விடுவதும் பிரெஞ்சு மருத்துவம் வந்த பிறகும் மாறவில்லை. நோயாளியைத் தனிமைப்படுத்தும் பயன் அந்த வழக்கத்துக்கு இருந்தது.

குடிநீரைப் பற்றிய புகழ்பெற்ற கதை ஆயி என்னும் தாசியுடையது. விளக்கொளியில் மின்னிய அவள் வீட்டைக் கோயில் என்று எண்ணி விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் வணங்கினாராம். உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். ஆயி தானே வீட்டை இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. கதைக்குச் சமகாலச் சான்று கிடையாது. ஆனால் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரப்பட்டதும், அதன் நினைவாக இன்றைய பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் என்ற வெள்ளை மண்டபம் எழுந்ததும் உறுதியானவை. ஒரு பேரரசின் கட்டடம் தாசி ஒருத்தியின் பெயரால் வழங்குவதை வேறெந்த ஊரிலும் எளிதில் காண முடியாது.

மருத்துவப் பள்ளி

பிரெஞ்சு அரசு நிறுவிய ‘எகோல் த மெத்சீன்’ 1823 ஜனவரி 1இல் தொடங்கியது என்பது பின்னாளில் அதன் வழிவந்த ஜிப்மர் நிறுவனத்தின் வழிவழிக் கணக்கு. பிரெஞ்சுக் குடியேற்ற மருத்துவத்தை ஆராய்ந்தோர் 1863 என்று எழுதுகின்றனர். முதலில் சொன்ன ஆண்டு பயிற்சி தொடங்கியதையும் அடுத்துச் சொன்ன ஆண்டு முறையான பள்ளி அமைந்ததையும் குறிக்கலாம். எப்படியாயினும் வெப்பமண்டலத்தில் எழுந்த பழைய மருத்துவப் பள்ளிகளுள் அது ஒன்று. ஆசிரியர்கள் கடற்படை மருத்துவர்களும் இங்கே தங்கியிருந்த பிரெஞ்சுப் படையின் மருத்துவர்களும். படித்து முடித்தவருக்கு ‘உள்ளூர் மருத்துவர்’ என்ற பட்டயம் தரப்பட்டது. அதை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக் குடியேற்றங்களில் தொழில் செய்யலாம். பாரிசில் படித்துவந்த மருத்துவரின் தகுதி அதற்கு இல்லை. படிப்பு ஒருவரை உயர்த்திய அளவுக்கு அந்தப் பட்டயத்தின் பெயர் அவரைக் கீழேயும் நிறுத்தியது.

புதுச்சேரி மருத்துவர் பரமானந்த மரியதாஸ் 1906இல் இந்திய மருத்துவ வழக்கங்களையும் ஐரோப்பிய மருத்துவத்தோடு அவற்றுக்குள்ள உறவையும் பற்றிப் பிரெஞ்சில் ஒரு நூல் எழுதினார். 1913இல் மூலிகைகளைப் பற்றியும் 1930களில் மரபு மருத்துவத்தைப் பற்றியும் நூல்கள் தந்தார். பிரெஞ்சு வாசகருக்குத் தம் ஊரின் வைத்தியத்தை ஓர் உள்ளூர் மருத்துவரே எடுத்துச் சொன்னதால் இவை தனி மதிப்புக்குரியவை. தமிழில் இவை பரவலாக அறியப்படாமல் போனது பெரிய இழப்பு.

மருத்துவப் பள்ளிக்கு வெளியே, நகரின் சவானா, ரோடியர், கெப்ளே பஞ்சாலைகளில் வேலை நேரம் உடலைத் தின்றது. எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக நடந்த போராட்டத்தில் 1936 ஜூலை 30இல் 12 தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். போராட்டத்தின் தலைவர் வ. சுப்பையா. அடுத்த ஆண்டே தொழிலாளர் சட்டம் வந்தது.

இந்தியாவோடு இணைந்த பின்

1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. பழைய பள்ளி 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆகி, பின்னர் கோரிமேட்டுக்கு மாறி, 1964 ஜூலை 13இல் ஜவஹர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றது. மக்கள் அன்றும் இன்றும் ஜிப்மர் என்கிறார்கள். விழுப்புரம், கடலூர்ச் சிற்றூர்களிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்து சீட்டுக்கு வரிசையில் நிற்பவர்கள் ஒன்றியப் பகுதியின் எல்லையைப் பார்ப்பதில்லை. துணைக்கு வந்தவர் மரத்தடியில் துண்டு விரித்துப் படுத்திருப்பதும் சோற்றுத் தூக்கோடு மகளோ மருமகளோ உள்ளே போவதும் அன்றாடக் காட்சி. நகருக்குள் கடற்கரைப் பக்கம் இருக்கும் அரசு பொது மருத்துவமனை இன்னும் பலருக்குப் ‘பெரியாஸ்பத்திரி’.

யானைக்கால் ஒழிப்பு, 1981–1985

புதுச்சேரி மருத்துவ வரலாற்றில் மிக விரிவாக ஆவணப்படுத்தப்பட்ட காலம் இது. நோயைப் பரப்பும் கொசு, பூச்சி ஆகியவற்றை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் இங்கே ஒரு மையத்தை நிறுவியது. அக்காலத்தில் அதன் இயக்குநராக இருந்தவர் பி. கே. ராஜகோபாலன்.

யானைக்கால் நோய் நகரத்துக்குப் பழையது. நெறி கட்டிக் குளிரோடு காய்ச்சல் வரும், போகும். சில ஆண்டுகளில் கால் தடித்துவிடும். பெண்கள் சேலைக் கரையால் காலை மறைத்தனர். விதைப்பை வீங்கிய ஆண்கள் வீட்டிலும் சொல்லாமல் சகித்தனர். பெண் கேட்டு வருபவர் தாய்க்குக் கால் வீக்கம் இருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பது உண்டு. நோய்ப் புழுவைச் சுமக்கும் க்யூலெக்ஸ் கொசு தேங்கிய சாக்கடையிலும் மலக்குழியிலும் பெருகுவது. ஆகவே வடிகால் இல்லாத தெருவுக்கே நோய் முதலில் போயிற்று. ஓரிரு கடியில் இந்நோய் பற்றுவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான கடி பட வேண்டும். எந்தத் தெருவில் பிறந்தோம் என்பது இதனால்தான் இந்த நோயில் அவ்வளவு முக்கியமானது.

புழுக்கள் இரவில்தான் தோலடி இரத்தத்துக்கு வரும். எனவே ஆய்வாளர்கள் ஊர் உறங்கிய பின் கதவைத் தட்டினர். அரைத்தூக்கத்தில் நீட்டிய விரலில் ஊசியால் குத்தி, துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். குழந்தைகள் அழுவார்கள், நாய்கள் குரைக்கும். இந்த இரவுப் பணியைச் செய்த களப்பணியாளர்களின் பெயர்கள் அறிக்கைகளில் அரிதாகவே வருகின்றன.

1981இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டம் பூச்சிமருந்தை நம்பி நிற்கவில்லை. சாக்கடையைத் தூர்வாரி ஓட்டம் கொடுப்பது, மலக்குழி மூடிகளையும் காற்றுக் குழாய்களையும் அடைப்பது, தேங்கும் நீரில் கொசுப்புழு தின்னும் மீன் விடுவது என்று வேலை நடந்தது. 1981இல் ஒருவரை ஆண்டில் ஏறத்தாழ 26,000 முறை கொசு கடித்தது. 1985இல் அது 3,600 அளவுக்குக் குறைந்தது. மையம் மலேரியாவையும் எதிர்கொண்டது. கடற்கரைச் சிற்றூர்களில் மலேரியாக் கொசு சவுக்குத் தோப்புகளின் தண்ணீர்க் குழிகளிலும் பாசி படர்ந்த உப்பங்கழிகளிலும் பெருகியது. பாசியை ஊர் மக்களே அள்ளி அகற்ற வேண்டும் என்பதற்காக அதிலிருந்து காகிதம் செய்யும் முறையை மையம் கண்டது. கொசுவை ஒழிக்கக் கூலி தருவதைவிடக் கொசு வாழும் பாசிக்கு ஒரு விலை வைப்பது மேல் என்ற இந்த யோசனை, அக்காலப் பொதுநல முயற்சிகளில் நினைவில் வைக்கத் தக்கது.

திட்டத்தின் பலனை மதிப்பிடுவதில் வேறுபாடு உண்டு. சிறுவர்களிடம் புதிய தொற்று குறைந்தது என்பதில் பெரும்பாலும் உடன்பாடு இருக்கிறது. கொசு ஒழிப்பு மட்டும் போதுமா, மாத்திரையும் வேண்டுமா என்ற விவாதம் பின்னும் தொடர்ந்தது. 1985க்குப் பிறகு பணி தளர்ந்ததும் கொசுக்கள் திரும்பப் பெருகின. சாக்கடையைப் பராமரிப்பது சுகாதாரத் துறையின் பொறுப்பா நகராட்சியின் பொறுப்பா என்ற கேள்வி தீராமலே நின்றது. மையத்தின் ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்நோயால் இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 84 கோடி டாலர் இழப்பு. அதில் பெரும்பங்கு வேலைக்குப் போக முடியாமல் இழந்த கூலி.

பிற்காலம்

2004 முதல் இந்தியாவெங்கும் ஆண்டுக்கு ஒருமுறை யானைக்கால் தடுப்பு மாத்திரை தரும் இயக்கம் நடந்தது; புதுச்சேரியும் அதில் சேர்ந்தது. ஜிப்மர் 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் தொடங்கியது; 2020இல் கொரோனா பரவியபோது அதுவும் ஜிப்மரும் சிகிச்சையின் பெரும்பங்கைச் சுமந்தன. தனியார் மருத்துவக் கல்லூரிகளும் நகரைச் சுற்றிப் பெருகியுள்ளன.