வில் தாங்கும், எண்ணெய் அடக்கும்

ஒரு சுருள்வில்லின் நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்க விடுங்கள். கல்லைச் சற்றே கீழே இழுத்து விட்டால், அது மேலும் கீழுமாக நெடுநேரம் ஆடும். அதே கல் வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்குமாறு பிடித்துக்கொண்டு மறுபடியும் இழுத்து விடுங்கள். ஆட்டம் விரைவில் அடங்கிவிடும். ‘ஷாக் அப்சார்பர்’ எனப்படும் அதிர்வடக்கியின் தத்துவம் இந்த வாளிக்குள் இருக்கிறது.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது வில்லின் வேலை. வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி அமைத்த நீள்வட்ட வில்லுக்கு இங்கிலாந்தில் ஒபதயா எலியட் 1804இல் காப்புரிமை பெற்றார். அத்தகைய பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதாலேயே துள்ளல் ஓரளவு அடங்கியது. குதிரை வண்டியின் வேகத்துக்கு அது போதும். மோட்டார் வண்டிக்குப் போதவில்லை. துள்ளும் சக்கரம் தரையை விட்டு எழும் கணத்தில் பிரேக்காலும் பயனில்லை, ஸ்டியரிங்காலும் பயனில்லை. ஆகவே அதிர்வடக்கி வெறும் சொகுசுப் பொருள் அன்று. உயிர் காக்கும் உறுப்பு என்பதை நினைவில் வையுங்கள்.

உராய்விலிருந்து எண்ணெய்க்கு

முதலில் வந்தது உராய்வு அதிர்வடக்கி. பிரெஞ்சுக்காரர் துருஃபோ அமைத்த இக்கருவியை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்வர்டு ஹார்ட்போர்டு பரப்பினார். கத்தரிக்கோல்போல் இணைந்த இரு கைகளின் நடுவே தட்டுகள் அழுந்தி உராயும். ஆனால் இதில் ஒரு குறை உண்டு. அசைவு மெதுவாயினும் விரைவாயினும் உராய்வு விசை ஏறக்குறைய ஒன்றே. சிறு அதிர்வுகளுக்கு அது அசைந்து கொடுக்காது. பெரிய அடிக்கோ போதாது.

எண்ணெய் அப்படியன்று. சிறு துளை வழியே எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ, அவ்வளவு அதிகமாக அது எதிர்க்கும். இதைப் பயன்படுத்திப் பிரான்சின் மாரிஸ் ஹூடாய் எண்ணெய் அதிர்வடக்கியை உருவாக்கினார். 1927 இறுதியில் வெளிவந்த ஃபோர்டு ‘ஏ’ வகைக் காரின் நான்கு சக்கரங்களிலும் இவ்வகைக் கருவி இடம்பெற்றது. பின்னர் குழாய்க்குள் குழாய் நுழையும் வடிவம் வந்தது. இரண்டாம் உலகப் போரின் ஜீப் வண்டிகளில் பட்டைவில்லுடன் இருந்தது இதுவே.

அடக்கப்பட்ட ஆற்றல் எங்கே போகிறது? வெப்பமாக எண்ணெயில் சேர்கிறது. கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் சூடேறும். உள்ளிருக்கும் காற்றுடன் கலந்து நுரைக்கும். நுரை எளிதில் அமுங்குவதால் எதிர்ப்பு குறைந்துவிடும். பிரெஞ்சு அறிஞர் பூர்சியே தெ கார்பன் இதற்கு வழி கண்டார். ஒரே குழாயில், மிதக்கும் தடுப்பு ஒன்றினால் எண்ணெயையும் உயரழுத்த வாயுவையும் பிரித்து வைத்தார். 1957இல் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களில் இவ்வகை தொடர் உற்பத்தியாகப் பொருத்தப்பட்டது.

ஜீப்பை உயர்த்தினால்

பாறையிலும் பள்ளத்திலும் அடி தட்டாதிருக்க, சிலர் ஜீப்பின் வில்லை மாற்றி உடலை 5 செ.மீ. அளவு உயர்த்துகிறார்கள். பழைய அதிர்வடக்கியே போதுமா?

முதலில் நீளத்தைப் பாருங்கள். வண்டி நிற்கும்போதே அது 5 செ.மீ. கூடுதலாக நீண்டிருக்கும். முன்பு மேலும் நீள 10 செ.மீ. இடமிருந்தால், இப்போது எஞ்சுவது 5 செ.மீ. மட்டுமே. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அச்சின் பாரம் முழுவதும் அதிர்வடக்கியில் தொங்கிப் பிணைப்பையே பெயர்க்கக்கூடும். மிக நீளமானதைப் பூட்டினாலோ, சக்கரம் மேலேறும்போது ரப்பர்த் தடுப்பு தொடுவதற்கு முன்பே அது அடிமுட்டி உடையும். எனவே சக்கரம் ரப்பரில் முட்டிய நிலை, முழுதும் தொங்கிய நிலை ஆகிய இரண்டிலும் பிணைப்புகளுக்கிடையே உள்ள தூரத்தை அளந்தே வாங்க வேண்டும். முந்தியது, அதிர்வடக்கி முழுதும் சுருங்கிய நீளத்தைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். பிந்தியது, முழுதும் நீண்ட நீளத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும்.

அடுத்தது எதிர்ப்பு. வில்லின் விறைப்பு 20 விழுக்காடு கூடினால், அடக்கும் தன்மை ஏறக்குறைய 10 விழுக்காடு கூடினால் போதும். ஏனெனில் அது விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது.

வகை எது? ஒற்றைக் குழாய் வெப்பத்தை விரைவில் வெளியேற்றும். ஆனால் கல் பட்டு அது நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் சற்று நசுங்கினாலும் வேலை நடக்கும். நெடுந்தூரம் வேகமாக ஓடும் வண்டிக்கு முன்னது. பாறைகளிடையே மெதுவாக ஊர்வதற்குப் பின்னது.

‘கடினமானதே சிறந்தது’ என்று எண்ணிவிடாதீர்கள். வாளியில் தண்ணீருக்குப் பதில் விளக்கெண்ணெயை ஊற்றிப் பாருங்கள். கல் ஆடாது, ஆனால் தன் இடத்துக்குத் திரும்பவே தாமதமாகும். மேலேறிய சக்கரம் இவ்வாறு தாமதித்தால், அடுத்த மேடு வருமுன் தரையைத் தொடாது. அதிர்வடக்கியின் வேலை துள்ளலை நிறுத்துவது மட்டுமன்று. சக்கரத்தை உரிய நேரத்தில் மண்ணுக்குத் திருப்புவதும் ஆகும்.