கிரேக்கச் சொல்லும் அறபு நாவும்

பிளாட்டோவை அறபிகள் 'அஃப்லாத்தூன்' என்றார்கள். 'கிளீமா' என்ற கிரேக்கச் சொல் 'இக்லீம்' ஆயிற்று. இதை நாப்பிழை என்று தள்ளிவிட முடியாது. அறபில் ஓர் அசை இரண்டு மெய்களோடு தொடங்காது. ஆகவே முன்னால் ஓர் உயிரை வைத்து அஃப்-லா-தூன், இக்-லீம் என்று அசை பிரித்துக்கொண்டார்கள். எங்கட ஊர்ப் பெரியவங்க ஸ்கூலை 'இஸ்கோல்' என்று சொல்றதும் இதே முறைதான்.

தத்துவஞானியின் பெயரில் ஓர் ஒலி மாறினால் நட்டமில்லை. மருந்தின் பெயரில் மாறினால்?

அறபு எழுத்தில் குற்றுயிர்கள் வழமையாக எழுதப்படுவதில்லை. புள்ளிகள் தவறினால் 'பே' 'தே' ஆகிவிடும். அறபுச் சொல் என்றால் வேர்ச்சொல்லை வைத்து வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார். நீண்ட கிரேக்கப் பெயருக்கு அந்த வேர் ஏது?

இந்தச் சிக்கல் தியோஸ்கோரிதீஸின் மூலிகை நூலில் முற்றியது. 9ஆம் நூற்றாண்டில், கலீபா முதவக்கிலின் காலத்தில், பக்தாதில் இஸ்தஃபான் இப்னு பஸீல் அதை அறபாக்கினார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் திருத்தினார். இருவரும் கிறிஸ்தவர்கள். அறபுப் பெயர் தெரியாத மூலிகைகளை இஸ்தஃபான் கிரேக்க ஒலியிலேயே எழுதி வைத்தார். பின்னால் அறிந்த ஒருவரை அல்லாஹ் அனுப்புவான் என்ற நம்பிக்கையோடு அவர் அப்படி விட்டதாக அந்தலூஸ் மருத்துவர் இப்னு ஜுல்ஜுல் எழுதுகிறார்.

ஹிஜ்ரி 337இல் (கி.பி. 948-49) பைசாந்திய அரசர் அந்நூலின் கிரேக்கப் பிரதியொன்றை, மூலிகைப் படங்களோடு, குர்துபாவின் கலீபா மூன்றாம் அப்துர் றஹ்மானுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அங்கே அதை வாசிக்க ஆளில்லை. ஹிஜ்ரி 340இல் நிக்கொலா என்ற துறவி வந்து சேர்ந்தார். யூத மருத்துவர் ஹஸ்தாய், கிரேக்கம் பேசிய சிசிலிக்காரர் ஒருவர், முஸ்லிம் மருத்துவர்கள் எல்லோரும் அவரோடு உட்கார்ந்தார்கள். எந்தச் செடிக்கு எந்தப் பெயர் என்பதோடு, அந்தப் பெயரைப் பிழையில்லாமல் உச்சரிப்பது எப்படி என்பதையும் உறுதிசெய்தார்கள். முக்கியமில்லாத பத்தளவு மருந்துகளே மிஞ்சின.

982இல் இப்னு ஜுல்ஜுல் அம்மருந்துப் பெயர்களுக்கு விளக்கநூல் எழுதினார். பக்தாதில் விளங்காமல் விடப்பட்ட பெயர்கள் ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் குர்துபாவில் விளங்கின. விளங்காததை அழித்துவிடாமல் ஒலியையாவது காத்துவைத்த இஸ்தஃபானின் நேர்மைக்கும் அதில் பங்குண்டு.